நான்காவது நாற்காலி

செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை.
டுலூத் நகரத்து ஏரி இன்னும் விடியவில்லை.
வழக்கம்போல் மேசையில் மூன்று பேர்:
நான், செவிலி ரோஸ்வித்தா, உணவியலாளர் பாவோ.
சுவரோரம் கிடந்த நாற்காலியை
இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் மார்லிஸ்.
கழுத்து அட்டையில் 'நலப் பயிற்றுநர்'.
என்ன படிப்பு என்று நான் கேட்கவில்லை.
முகம் கேட்டிருக்கும்.

அன்றைய கோப்பு:
வெர்னர் லாக்டி, அறுபத்தொன்று,
பனி வாரும் வண்டியின் ஓட்டுநர்.
மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி
நவம்பரில் ஒன்பது புள்ளி ஒன்று.
நோயின் வேர்வரை போவது எங்கள் மருத்துவம்.
போனேன்.
குடல், தைராய்டு, வைட்டமின் டி,
ஆறு வயதில் வந்த காய்ச்சல் தொட்டு
நெடுக ஒரு காலக்கோடு வரைந்தேன்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.
முடிவில் பதினாறு வரியில் ஒரு தாள்.
ஏழாவது வரி: பத்து மணிக்குள் உறங்கவும்.
அவர் வண்டியைக் கிளப்புவது
இரவு பதினொன்றுக்கு.

ஏட்டுச் சுரைக்காயை
இரண்டு பிரதி எடுத்தேன்.
ஒன்று கோப்புக்கு.
மற்றதை அவர் நாலாக மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒன்பது புள்ளி மூன்று.
'ஒத்துழைக்கவில்லை' என்று தட்டச்சு செய்தேன்.
எழுவாய் இல்லாத வாக்கியம்.
சீக்கிரம் முடிந்துவிடும்.

மார்லிஸ் அவரை அழைத்தது
அதிகாலை நான்குக்கு.
அவருக்கு அது நண்பகல்.
"இப்போது எங்கே நிற்கிறீர்கள்?"
அவ்வளவுதான் கேட்டாள்.
பிறகு சும்மா இருந்தாள்.
சும்மா இருப்பதற்குப்
பயிற்சி எடுத்து வந்திருக்கிறாள் என்பது
பின்னால்தான் தெரிந்தது எனக்கு.
எங்கள் கல்லூரியில் அதற்கு வகுப்பில்லை.

பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாராம்.
கல்லாவில் ஹோடன் என்ற பெண்,
சோமாலியக் குடும்பம், இரவுப் பணி,
பனியைப் பார்த்தால் இன்னும் சிரிப்பவள்.
ஊர் முழுக்க அந்நேரம்
இவரிடம் பேச விழித்திருக்கும் ஒரே ஆள்.
எதுவும் வாங்காமல்
எத்தனை நேரம் நிற்க முடியும்?
இரண்டு டோனட்,
அந்த வெளிச்சத்தில் பத்து நிமிடத்துக்கு
அவர் கொடுத்த வாடகை.

அடுத்த செவ்வாய் மார்லிஸ் இதைச் சொன்னதும்
பாவோ பாதாம் மாவு பற்றி ஆரம்பித்தான்.
"பொறுங்கள், அவர் இன்னும் முடிக்கவில்லை" என்றாள்,
அவர் அந்த அறையிலேயே இருப்பதுபோல.
அவரே சொன்னாராம்:
ஒரு பிளாஸ்கில் பட்டாணி சூப்.
இரண்டு கோப்பை.

பதினாறு வரியையும் அடித்தேன்.
அந்த ஒன்றை மட்டும்
அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன்.
ரோஸ்வித்தா என்னைப் பார்த்த பார்வையை
இங்கே விவரிக்கப் போவதில்லை.

மார்ச்சில் ஹோடனைப்
பகல் பணிக்கு மாற்றினார்கள், இரண்டு வாரம்.
சூப் வீட்டிலேயே கிடந்தது.
மூன்று டோனட் என்று
அவராகவே மார்லிஸுக்குப் போன் செய்து சொன்னார்.
என்னிடம் இதுவரை அவர்
ஒரு டோனட்டைக்கூட ஒப்புக்கொண்டதில்லை.

மே மாதம் எட்டு புள்ளி இரண்டு.
மாயமில்லை. இறக்கம்தான்.
மாத்திரை அப்படியே தொடர்கிறது.

இப்போது நிர்வாகம் கேட்கிறது:
நான்காவது நாற்காலிக்கு வரவு என்ன?
காப்பீட்டுப் படிவத்தில் தேடிப் பார்த்தேன்.
ஊசி குத்தியதற்கு எண் உண்டு,
காதைத் துழாவியதற்கு உண்டு.
சும்மா இருந்ததற்கு இல்லை.
ஜூன் வரை சம்பளம் உறுதி என்றார்கள்.
அதற்குப் பிறகு பார்க்கலாமாம்.

நேற்று இரவு அந்தக் கோப்பைத் திறந்தேன்,
பிப்ரவரிக் குறிப்பை அழிக்க.
அழிக்க முடியாது, சேர்க்கலாம்
என்றது மென்பொருள்.
'ஒத்துழைக்கவில்லை'.
கீழே, தேதியிட்டு, கையொப்பமிட்டு,
எழுவாயைச் சேர்த்தேன்:
நான்.